மின்சாரம் ஓடாத கம்பி

உறைமழை ஓய்ந்த வெள்ளிக்கிழமை.
பாதர்ஸ்ட் தெருவுக்கு மேற்கே ஒரு மேப்பிள் கிளை
கண்ணாடி பூசிக்கொண்டு முறிந்து
எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு விழுந்திருந்தது:
மின்கம்பி, தொலைபேசி, இணையம்,
பிறகு என் வரைபடத்தில் இல்லாத ஒன்று.
நைலான் மாதிரி. மெல்லியது.
சோதனைக் கோலை வைத்துப் பார்த்தேன். செத்த கம்பி.
சுருட்டி எறியப் போகையில்
கீழிருந்து ஒரு குரல்:

"எறியாதே. அது எங்கள் சுவர்."

வீட்டுச் செருப்பு, ஆண்கள் மேலங்கி, விரலிடுக்கில் சிகரெட்.
பெர்ல் ஸைட்மன். ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
என் கண்ணைப் பார்க்காமல்
வாயைப் பார்த்தே பேசினாள்.

ஓய்வு நாளில் வீட்டுக்கு வெளியே
எதையும் சுமக்கக் கூடாதாம். சாவியை, புத்தகத்தை,
பெற்ற பிள்ளையைக்கூட.
உள்ளே சுமக்கலாம்.
அதனால் அரை நகரத்தைச் சுற்றிக் கம்பி இழுத்து
இவ்வளவும் ஒரே வீடு என்று
சொல்லிவிட்டார்களாம்.

"ஏமாற்றுத்தானே?" என்றேன் வாளியில் நின்றபடி.
"ஏமாற்றுத்தான். ஆனால்
யாரை ஏமாற்றுகிறோமோ
அவருக்குத் தெரிந்தே."

"நீங்கள் நம்புகிறீர்களா?"

"பதினாறு வயதில் விட்டாயிற்று.
சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு
ஸ்கார்பரோவுக்கு வந்து உங்கள் ரோல்ஸ் தின்கிறேன்.
இறால் போட்டது இருந்தால் இன்னும் நல்லது."

"அப்படியென்றால் நீங்கள்..."

"யூதர்," என்றாள்.
நான் முடித்திருக்கவில்லை.

மருமகன் பூசானில் பிறந்தவன்.
மூன்று வருடம் படித்து, நீரில் மூழ்கி எழுந்து,
இப்போது அமித்தாய்.
விடியலில் கையில் தோல்வார் சுற்றி
அவளுக்கு வாசிக்க வராத எழுத்தை
வாய்விட்டு வாசிக்கிறான்.
"அப்பாவின் ஆஸ்துமா என்னிடம்,
அப்பாவின் கடவுள் அவனிடம்.
ஆனால் அவனை யாரும் எங்கிருந்து வந்தாய் என்று
கேட்கக் கூடாது.
என்னை யாரும் கழிக்கவும் முடியாது.
நானே முயன்று பார்த்தேன்."

பேரப்பிள்ளைக்கு ஆறு வாரம்.
நாளை தள்ளுவண்டியில் முதல் வருகை.
கம்பி இல்லையென்றால் மகள் ஹென்யா
படி இறங்கமாட்டாள்.
கம்பியைப் பார்த்துக்கொள்ளும் ரப்பி யெஹியேல்
நானூற்றியொன்றில், கவிழ்ந்த லாரிக்குப் பின்னால்.
சூரியன் மறைய இன்னும் நாற்பது நிமிடம்.

பிறர் கம்பியைத் தொடக் கூடாது
என்பது எங்கள் வேதம். கையேடு, பக்கம் அறுபத்திரண்டு.

தொட்டேன்.

"பக்கவாட்டில் கட்டாதே!" அவள் கைபேசியிலிருந்து ரப்பி கத்தினார்.
"கம்பத்தில் அறைந்த பட்டை தெரிகிறதா?
அதன் உச்சிக்கு நேர் மேலால் போக வேண்டும்."
"ஏன்?"
"இரண்டு நிலைக்கால், மேலே ஓர் உத்தரம்.
அது வேலி இல்லை, தம்பி. நிலைவாசல்."

கையுறையைக் கழற்றினால்தான் முடிச்சு விழும்.
விரல் மரத்துப்போய், கம்பத்துக்குக் கம்பம்
பார்த்துக்கொண்டு நின்றேன்:
வாசல், வாசல், வாசல்,
கதவே இல்லாமல்.

இறங்கியதும் கேட்டாள், "நீ என்ன?"
"தமிழ்."
"அது மதமா?"
"இல்லை."
"நாடா?"
"அம்மா, குளிர்கிறது," என்றேன்.
முதல் தடவையாகச் சிரித்தாள்.
கீழ்வரிசையில் ஒரு பல் தங்கம்.

வண்டியில் படிவம் நிரப்பினேன்.
கம்பியின் வகை: மின், தொலைத்தொடர்பு, பிற.
பிற என்றால் குறிப்பிடவும்.
சுவர் என்று அடித்தேன், அழித்தேன்.
வாசல் என்று அடித்தேன்.
மேற்பார்வையாளர் பீட்ரோஸ்கி கேள்வி கேட்பார்.
வெறுமையாய் விட்டால் படிவம் போகமாட்டேன் என்கிறது.
ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். போனது.

வீடு திரும்பும் வழியெங்கும்
தலையைச் சாய்த்துக் கம்பங்களைப் பார்த்தபடி ஓட்டினேன்.
சட்டைப்பையில் சாவிக்கொத்து.
இருட்டிவிட்டது.
எந்தக் கம்பத்தில் வெளியே வந்தேன் என்று
தெரியவில்லை.