கொதிகலன் அறை

புகைபோக்கி ஓய்ந்த நாளில்
ரெக்டர் கேக் வெட்டினார்.
பிஷ்கெக்கில் அன்று மைனஸ் பதினெட்டு.
நான்தான் அறிக்கை வாசித்தேன்:
ஆண்டுக்கு நானூறு டன் நிலக்கரி மிச்சம்.
கையுறையோடு கைதட்டினார்கள்,
ஈரத்துணி உதறுகிற சத்தம்.

கடைசி வரிசையில் துராத்பெக்.
இருபத்தாறு குளிர்காலம்
அந்த அடுப்புக்கு அள்ளிப் போட்டவர்.
இனி மீட்டர் பார்க்கிற வேலை.
"நல்லது" என்றார்.
"மீந்த கரியில் ஒரு மூட்டை
வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?"

ஊர் விளிம்பில் அவர் தெரு,
வீட்டுக்கொரு புகைபோக்கி.
எங்கள் அறிக்கை
வளாகத்துக் கேட்டோடு முடிந்திருந்தது.
காற்றுக்கு அது தெரியாது.

மறுவாரம் மூன்றாமாண்டு பெகிமாய்
கட்டுரைக்குப் பதிலாக ஒரு பட்டியல் நீட்டினாள்:
அந்தத் தெருவில் நாற்பத்தொரு வீடு,
எந்தச் சுவரில் எவ்வளவு குளிர் நுழைகிறது,
விலைபோகாமல் மேய்ப்பர்கள் எரித்துவிடும் ஆட்டுரோமம்
சுவருக்குள் அடைக்க எத்தனை மூட்டை வேண்டும்.
அடியில், பென்சிலில்:
லாரி வாடகை யார் தருவது?

மதிப்பெண் போட
என் படிவத்தில் கட்டமில்லை.
கேக்குக்கு ஆன பில்லைத் தேடி எடுத்தேன்.
அந்தக் காசுக்கு
லாரி இரண்டு நடை வந்திருக்கும்.