முழு டிக்கெட்

கல்முனை பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவனிடம்
எல்லே அணியை ஆரும் கேட்கிறதில்லை.
இருந்தும் சொல்றன்.

ரஜித்தாவை இரண்டாம் கட்டையடியில் விட்டது பிழை,
பின்னேர வெயில் அவள் முகத்தில்.
தலைவரின் மருமகள் நல்ல பிள்ளைதான்,
ஓடும்போது பந்தைத் திரும்பிப் பார்க்கிறாள்.
பார்க்கிறவள் முதுகில்தான் பந்து படும்.

அது போகட்டும்.
தவச்செல்வியை ஏன் வெட்டினீங்க?

"பந்து போட்டுக் குடுக்கிறதுதானே,
ஆரும் போடலாம்" என்றாராம் தலைவர்.
கிரிக்கெட்டில் பந்து போடுறவன் எதிரி.
எல்லேயில் நம்மட ஆள்.
கோகிலமதியின் மூங்கிலுக்கு எந்த உயரம்,
அவள் மூச்சை விட முன்னமா பின்னமா,
தவத்தின் கைக்குத்தான் தெரியும்.
போன வருசம் தென்னைக்கு மேலால் போன பந்தில்
பாதி இவள் கணக்கு.

மறுகா, நேற்று மூன்றரை பஸ்.
களுதாவளையில் ஏறினாள், கையில் சப்பாத்துப் பை.
"எங்க?"
"ஆரையம்பதி."
அங்க மைதானத்தில் இந்த நேரம் என்ன நடக்குமென்று
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவளுக்கும்.

எங்கட அணிப் பிள்ளைகளிடம் நான் காசு வாங்கிறதில்லை.
நேற்று வாங்கினன். முழு டிக்கெட்.
மிச்சத்தை எண்ணிக் குடுத்தன்.

இந்த முறை கிண்ணமோ?
அரையிறுதி வரைக்கும் வருவம்.
அரையிறுதியில் ஆரையம்பதி.

குருக்கள்மடம் தாண்டும்வரை
ரெண்டு பேரும் யன்னலைப் பார்த்தம்.
இறங்கும்போது கேட்டாள்,
"மெச் பார்க்க வருவீங்கதானே அண்ணன்?"
வருவன் என்றன்.
எந்தப் பக்கம் நிற்பன் என்று
அவள் கேட்கயில்லை.