காலி எடை

பிறை எடைமேடையில் ஒன்பது வருடமாய்
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்.
சுமையோடு வரும் லோரியை நிறுப்பேன்,
இறக்கிவிட்டுத் திரும்பும்போது மறுபடி நிறுப்பேன்.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
டிரைவர் வாயில் வருவதற்கு எடை கிடையாது.

எதிரே விளக்குக் கம்பத்தில்
ஒய்.பி. தயாபரன் சிரிக்கிறார்.
மழையில் கொடிகள் அவர் முகத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

அஸ்லான்தான் ஹன்சார்டை அச்செடுத்துத் தந்தான்,
மூன்று ஃபைல்.
பேச்சு, கூச்சல், உட்காருங்கள், உட்காருங்கள்.
குரலால் முடிந்த இடங்களில் பெயரே இல்லை.
கூட்டத்தோடு ஆம் என்றவர் யார்,
கொட்டாவி விட்டவர் யார்,
யார் கண்டது?

தலை எண்ணிய நாட்கள் பதினான்கு.
விரலை வைத்துக்கொண்டே போனேன்.
ஆதரவு. ஆதரவு. எதிர்ப்பு. ஆதரவு.
ஓட்டுநர் ஓய்வு நேரத் திருத்தம்:
தீடாக் ஹாடிர்.
வரவில்லை.

தேதியைப் பார்த்தேன்.
அன்று அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும்.
எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, கூடாரத்தில்,
செருப்பைக் கழற்றிவிட்டு,
தாப்பா நெடுஞ்சாலையில் பதினாறாவது மணி நேரத்தில்
கண்ணயர்ந்துபோன என் கணவரின் பெட்டிக்குப் பக்கத்தில்.
தோள் கொடுத்தார்.
பிறகு சொக்சோ பணத்துக்குக் கடிதமும் கொடுத்தார்.

மசோதா பதினொரு வாக்கில் தோற்றது.
அவர் போயிருந்தால் பத்தில் தோற்றிருக்கும்.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?
என் வாசலுக்கு வந்த காலை
ஏன் வந்தாய் என்று கேட்க முடியுமா?
ஃபைலை இரண்டு இரவு
அரிசி டின்மேல் போட்டுவைத்தேன்.

மூன்றாம் இரவு மீதியையும் படித்தேன்.
இன்னும் நான்கு இடத்தில் தீடாக் ஹாடிர்.
ஒன்று வாடகை வீடு. ஒன்று ஒப்பந்த நர்சுகள்.
மற்ற இரண்டும் எனக்குப் புரியவில்லை,
அஸ்லானுக்கும்தான்.

நேற்று செராமா.
கூட்டத்துக்குள் இறங்கி வந்து கையைப் பிடித்தார்.
"தர்வின் நல்லா படிக்கிறானா?"
பிள்ளை பெயரைக்கூட மறக்கவில்லை.
படிக்கிறான் என்றேன்.
அப்புறம் வாய் தானாகக் கேட்டது:
"அன்னைக்கு எங்க வீட்டுல சாவு, ஒய்.பி.
மத்த நாலு நாளும் யார் வீட்டுல?"

ஒலிபெருக்கி அவரை மேடைக்கு அழைத்தது.
பதில் சொல்லவில்லை, கையை விடவும் இல்லை.
கை சூடாகத்தான் இருந்தது,
அன்றைக்குப் போலவே.

இன்று காலை மணல் லோரி ஒன்று,
இறக்கிவிட்டுக் காலியாய் மேடை ஏறியது.
சிவப்பு எண்கள் நிலைகொள்ளாமல் ஆடின.
ஓட்டுபவன் புதுசு, நல்ல பையன்,
கண்ணாடியை இறக்கி வணக்கம் சொல்கிறான்.
இறங்கு தம்பி, என்றேன்.
உன்னையும் சேர்த்தா நிறுக்கிறது?