பதினேழாம் பொத்தான்

டுலூத் நகரம். ஏரி உறைந்து கிடந்த பிப்ரவரி.
லைரா தியேட்டரில்
நாற்காலிக்கு நாற்காலி குழாய் இழுத்துவிட்டு
கம்பெனி ஆட்கள் சிகாகோவுக்கு ரயிலேறினார்கள்.
மிஞ்சியது முப்பது புட்டி,
ஒரு காற்றுப் பம்பு,
எந்தக் காட்சிக்கு எந்தப் பொத்தான் என்ற பட்டியல்.

முதல் ஆபரேட்டர் மூன்றாம் நாள் வாந்தி எடுத்தான்.
இரண்டாமவன் சொல்லாமல் நின்றுவிட்டான்.
அப்புறம் வந்தவர் ஏய்னோ லாஹ்தெலா.
தாதுக் கப்பல்துறையில் இருபத்திரண்டு வருடம்;
ஏதோ ஒரு குளிர்காலத்துக் காய்ச்சல்
மூக்கை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவைத்தது.
"எனக்கு வாசனையே தெரியாது" என்றார்.
"அப்படியானால் நீங்கள்தான் சரி" என்றார் மேனேஜர்.

கீழ்த்தளத்திலிருந்து திரை தெரியாது.
வசனம் மட்டும் கூரை வழியே கசியும்.
"உன்னை நம்பினேனே, ராபர்ட்!" என்றால் நான்கு, காபி.
கதவு அறைந்தால் பதினொன்று, வெடிமருந்து.
ஏழு பீச் பழம். இருபது கடல்.

மேலே நடந்தது வேறு கதை.
கண்ணுக்குக் கத்தரி உண்டு:
ஒரு வெட்டில் துறைமுகம், மறு வெட்டில் பாலைவனம்.
மூக்குக்குக் கத்தரி இல்லை.
வந்தது போகாது,
போகாததன் மடியில் அடுத்தது ஏறி உட்காரும்.
பால்கனிக்கு வெடிமருந்து போய்ச் சேர்ந்தபோது
கொலைகாரன் பிடிபட்டு
கதாநாயகி முத்தத்தில் இருந்தாள்.
சாவு வீட்டில் பீச் கமகமத்தது.
நானூறு பேர் சர்ரு சர்ரென்று உறிஞ்சியதில்
பாதிரியாரின் ஜெபம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து ஏய்னோ படியேறி வருவார்.
கவுண்ட்டரில் ஸ்லாவ்கா சில்லறை எண்ணிக்கொண்டிருப்பாள்.
"இன்றைக்கு ஏழு எப்படி?"
"நன்றாக இருந்தது."
அவர் நகரவில்லை.
மறுநாள், "பீச் மாதிரி" என்றாள்.
"அது புட்டியிலேயே எழுதியிருக்கிறது."

சிவப்பைச் சொல்ல ரத்தத்தை இழுக்க வேண்டாம்.
நாக்குக்குச் சுவை ஆறு, ஆறுக்கும் பெயர்.
மூக்குதான் பாவம்,
பொருளின் வாசலில் நின்று பெயரை இரவல் கேட்கும்.
எனக்காவது கொஞ்சம் வசதி.
கவிச்சி, காந்தல், மக்கல், சிக்கு, முடை என்று
கெட்டதற்குத் தமிழ் வாரி வழங்கியிருக்கிறது.
நாற்றம்கூட ஒரு காலத்தில் பூவிடம்தான் இருந்தது,
எப்போது சாக்கடையில் விழுந்ததோ.
ஸ்லாவ்காவுக்கு அதுவும் இல்லை.

கடலுக்கு அவள் சொன்னது:
"மீன் எல்லாம் விற்றுப்போய், கழுவிவிட்ட மீன்கடைத் தரை."
வெடிமருந்துக்கு:
"பல் டாக்டர் மெஷினை நிறுத்திய அடுத்த நிமிஷம்."
பீச்சுக்கு ஒரு வாரம் ஆயிற்று.
"அக்காவின் கைப்பையைத் திருட்டுத்தனமாகத் திறந்தால், அது."
ஏய்னோ தொப்பியைக் கழற்றினார்.
"இப்போது தெரிகிறது."
பட்டியலில் பீச்சை அடித்து
அக்கா என்று பென்சிலால் எழுதிக்கொண்டார்.

பதினேழுக்கு மட்டும் பட்டியலில் வெறும் கோடு.
புட்டியில் ஒட்டுத்தாள் கிழிந்திருந்தது.
கடைசி நாள், கடைசி ஆட்டம்,
மறுநாள் எல்லாவற்றையும் பிடுங்கப் போகிறார்கள்,
யாரும் கேட்கப்போவதில்லை என்று
ஏய்னோ அதை அழுத்தினார்.

ஸ்லாவ்கா கவுண்ட்டரை விட்டு ஓடி வந்தாள்.
"என்ன விட்டீர்கள்?"
"நீதான் சொல்ல வேண்டும்."
"எல்லாம் போய்விட்டது. காபி, கடல், அக்கா, எல்லாம்.
ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை.
அப்புறம் ஜனங்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.
நனைந்த கம்பளி, பூச்சி உருண்டை,
யாரோ வெங்காயம், யாரோ அழுது முடித்த மாதிரி...
படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை."

"எப்படி இருந்தது அது?"

வாயைத் திறந்தாள். மூடினாள்.
யாரோ மறந்துபோன கோட்டு ஆணியில் தொங்கியது,
தோளில் பனி இன்னும் கரைந்துகொண்டிருந்தது.
அதை எடுத்து
அவர் கையை முழங்கை வரை
கைக்குள் நுழைத்தாள்.
உள்ளே ஈரம்; ஈரத்துக்கும் உள்ளே
யாருடைய சூடோ.

"இப்படி" என்றாள்.

வெளியே கடைசி பஸ் இருமுறை ஹாரன் அடித்தது.
அவர் கையை எடுக்கவில்லை.