கீழக்குயில்குடி விலக்கு

ஏற்றம்கூட இல்லை.
நாகமலையை ஒட்டி
விடியலில் மிதித்துக்கொண்டிருந்தேன்.
ஓடும் செயின் கழன்றதுபோல்
நெஞ்சுக்குள் ஒரு சறுக்கல்.
பிறகு பல்லில் பிடிக்கவே இல்லை.

கைக்கடிகாரம்
இருநூற்றுப் பதினொன்று என்றது.
பொய் சொல்கிறதென்று
முதலில் அதைத்தான் கழற்றினேன்.

பின்னால் வந்த பீர்முகமது
என் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்தான்.
என்னை அப்புறம்தான் சாய்த்தான்.
அந்த வரிசைக்காக
இன்றைக்கும் அவனுக்குத் திட்டு விழுகிறது.

மார்பில் ஒயர்கள், இடுப்பில் பெட்டி,
குளிக்காத ஒரு முழு நாள்.
தாள் சுருளை விரித்த டாக்டரம்மா
"பேச முடியுற வேகத்துல போங்க,
போதும்" என்றார்.

இப்போது விலக்கு வரைக்கும்தான்.
பீர்முகமது பக்கத்திலேயே வருகிறான்:
கடை வாடகை, மகளின் கணக்கு மார்க்,
பைபாஸில் புதுசாய்த் திறந்த பரோட்டாக் கடை.
கேள்வி கேட்டுவிட்டு
பதிலைக் கவனிப்பதில்லை,
மூச்சைக் கவனிக்கிறான்.

கேன் கட்டிய பால்வண்டி முந்துகிறது.
விட்டுவிடுகிறேன்.
(எழுதும்போது சுலபமாக வருகிறது.)

இரவில் இடப்பக்கம் படுத்தால்
தலையணைக்குள் எவனோ
மிதித்துக்கொண்டே இருக்கிறான்.
எண்ணத் தொடங்குமுன்
வலப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.