அறுபத்தொரு வீதம்

ஒன்பதாயிரம் ஆட்டங்களை விழுங்கிவிட்டு
மென்பொருள் சொல்கிறது:
'கடல்நண்டு' என்ற பெயரில் ஆடுபவன்
நூறு கைக்குப் பதின்மூன்றில்தான் காசு வைப்பான்.
ஆஸ் சோடி, ராசா சோடி;
மிச்சக் கடுதாசியை எறிந்துவிடுவான்.

மாசி வரைக்கும்.

பிறகு அறுபத்தொன்று.
ஏழும் இரண்டும் வந்தாலும் இறங்குகிறான்,
விடியப்புறம் மூன்று மணிக்கு.
பெயரைச் சுற்றிப் பச்சை வட்டம்:
கொழுத்தவன், விடாதே.

மாத்தறைக் கடைசிக் கோச்சி
வெள்ளவத்தையைக் கடந்து வெகுநேரம்.
யன்னல் கம்பியில் உப்புப் பிசுபிசுப்பு.
எத்தனை கட்டங்கள் இந்தத் திரையில்!
மாசியில் அவனுக்கு என்ன நடந்தது
என்பதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

எனக்கு ஆஸ் சோடி.
கூட்டினேன். வந்தான்.
இன்னும் கூட்டினேன். வந்தான்.

பதினெட்டாயிரம் என் பக்கம் நகர்ந்ததும்
'சுகமா இருக்கிறீரா' என்று தட்டி
அழித்தேன்.

மென்பொருள் திருத்திக்கொண்டது:
அறுபத்திரண்டு.