விழுங்கியவை

கர்னல் மாரித் ஒடேகார்டின் மேசையில்
இரண்டாவது இழுப்பறைக்கு மட்டும் பூட்டு.
உள்ளே பதக்கம் கிதக்கம் எதுவும் கிடையாது.
சின்னச் சின்ன உறைகளில், தேதி எழுதி,
பிள்ளைகள் விழுங்கியவை.

ஜெர்மனியில் எடுத்த பத்து ஃபெனிஷ்,
அந்தக் காசே இன்று செல்லாது.
தேகுவில் எடுத்த நூறு வொன்.
தகப்பன் காலரிலிருந்து கழன்ற ஒரு லெஃப்டினன்ட் பட்டை.
"பதவியை முழுசா முழுங்கினான். வீண்போகல,
இப்போ கேப்டன்" என்று சிரிப்பார்.

பட்டன் பேட்டரிகள் தனி டப்பாவில்.
அதைத் திறக்கும்போது சிரிக்க மாட்டார்.

நான் எண்டோஸ்கோப் கழுவும் சார்ஜென்ட்.
டகோமா மழையில் நனைந்த பூட்ஸோடு வந்து
ஒன்பது வருடம் அவர் கையில் குழாய் கொடுத்தவன்.
பென்சிலைவிட மெலிந்த குழாய், முனையில் விளக்கு.
அந்த வெளிச்சத்தில்
குடலின் மெல்லிய ரோமங்கள்
தண்ணீருக்குள் பாசிபோல் அசைவதைப் பார்த்திருக்கிறேன்.
கோதுமை ஆகாத ப்ரின் கஸ்டர்மனுக்கு
அதே இடம்
புதுச் சிப்பாயின் தலைபோல் மொட்டையாகக் கிடந்தது.
இனி ரொட்டி கூடாது என்று அவளிடம் சொன்னவர்
வட டகோட்டாவில் கோதுமை விளைவித்தவரின் மகள்.

வயிற்றுவலி என்று வருபவர்களில் பாதிப்பேருக்குத்
திரையில் ஒன்றும் தெரியாது.
இளஞ்சிவப்பு. சுத்தம்.
நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு
கர்னல் கேட்பார்:
"வீட்டில் யார் கிளம்புறாங்க? எப்போ?"
ஏழு வயது எம்மெட் ட்ரஹெர்ன்
தேதி சொன்னான், கிழமையும் சொன்னான்.
ஹெலிகாப்டர் மெக்கானிக்கான அவன் அம்மா
அதுவரை அவனிடம் அதைச் சொன்னதே இல்லை.
வயிற்றில் புளி கரைவதை
எந்தக் கேமராவும் காட்டுவதில்லை.

கண்டஹாரில் எட்டு மாதம்.
அனுப்பியது சிப்பாய்களுக்காக.
வாசலில் வந்து நின்றதோ
துணி வெளுக்கும் காரத்தைத்
தண்ணீர் என்று குடித்துவிட்ட ஸர்மினா, நான்கு வயது.
தன் எச்சிலே இறங்காத அளவுக்குச்
சுருங்கிப்போன தொண்டை.
பலூன் விட்டு விரித்தார்,
இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை,
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக.
ஆறாவது முறைக்குப் பின்
தகப்பன் தோர்யாலை ஊறவைத்த மல்பெரி ஒன்றை ஊட்ட,
அது இறங்கியது.
அறையில் யாரும் மூச்சுவிடவில்லையாம்.
ஏழாவதற்கு நாள் குறித்திருந்தது.
அதற்குள் படைப்பிரிவு ஊர் திரும்பியது.
பிறகு என்ன ஆனது என்று
நான் ஒருமுறைதான் கேட்டேன்.

வியாழக்கிழமை இழுப்பறையைக் காலிசெய்தோம்.
நாணயங்களை எனக்கே விட்டார்.
அடியில் இருந்தது பிரிக்காத ஒரு பலூன்,
காலாவதியாகிப் பத்து வருடத்துக்கு மேல்.
குப்பைக்கூடையை நீட்டினேன்.
அவர் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு
மழை விட்டதா என்று கேட்டார்.

மறுநாள் ஓய்வு விழா.
ஜெனரல் கைகுலுக்கிய சாக்கில்
உள்ளங்கைக்குள் அழுத்தினார் ஒரு நினைவு நாணயம்.
கழுகு, வாள், முலாம், எல்லாம் இருந்தது.
கர்னல் அதைக் கட்டைவிரலால் அளந்து பார்த்து
என் பக்கம் சாய்ந்தார்:
"நாற்பத்துநாலு மில்லிமீட்டர்.
எந்தப் பிள்ளை தொண்டையிலும் போகாது. நல்லது."

ப்ரின் வந்திருந்தாள், கல்லூரியிலிருந்து, பேருந்தில்.
அவளுக்காகக் கேக்கில் கோதுமை இல்லை.
மண் மாதிரி இருந்தது.
கர்னல் இரண்டாவது துண்டு கேட்டார்.